இரண்டாவது கடிதம்

“நாம சின்ன நாடு மனே. அதுக்கெல்லாம் நமக்கு ஆள் காணாது.”

2014 ஜூலை 14 ஆம் திகதி, விடியப்புறம் மூன்று மணி இருக்கும். மட்டக்களப்பில், கல்லடிக் கடற்கரை வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்கும்போது நான் சொன்ன வார்த்தை இது. அன்றிரவு எங்கள் கழகக் கொட்டகையில் ஒரே ஒரு ரி.வி.க்கு முன்னால் நாற்பது பேர் இருந்தோம். பிரேசிலில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப்போட்டி, ஜேர்மனியும் ஆர்ஜென்டீனாவும். எங்கள் பொடியன்கள் எல்லாரும் ஆர்ஜென்டீனா. 113 ஆவது நிமிடத்தில் கோட்சே நெஞ்சில் வாங்கி இடக்காலால் அடித்தார், கொட்டகை அப்படியே அடங்கிப்போனது. மெஸ்ஸி அந்தக் கிண்ணத்தைக் கடந்து நடந்துபோனதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் எழும்பினார்கள். என் வீட்டுப் பக்கமாக நாவலடிக்குப் போகிறவன் ஒருவன் மட்டும் என்னோடு வந்தான். பதினெட்டு வயது. கொஞ்சத் தூரம் பேசாமல் வந்தவன், “சேர், நம்மட நாடு எப்ப இதுல விளையாடும்?” என்று கேட்டான். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவனை மைதானத்தில் எல்லாரும் இடக்காலன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் மைதானம் கடல் மணல். பந்து உருளாது, புதையும். அதனால் இங்கே விளையாடிப் பழகுகிறவர்கள் பந்தைக் கிளப்பி எடுக்கப் பழகிவிடுவார்கள். இவன் ஓடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், எல்லைக் கோட்டிலிருந்து பந்தைத் தூக்கி விடுவான். அது இரண்டாவது கம்பத்தடியில், ஆள் வந்து சேரும் இடத்தில் இறங்கும். வெபர் மைதானத்தில் ஒருமுறை அப்படி மூன்று பந்து கொடுத்தான், மூன்றும் கோல். விடிய அப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டு, பின்னேரம் கையில் செதிள் ஒட்டியபடி பயிற்சிக்கு வருவான். இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறேன். அப்படி ஒரு காலை மறுபடி நான் காணவில்லை.

2015 இல் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஆனால் அவன் போன நாளிலிருந்து அந்த விடியப்புறம் சொன்ன வார்த்தை என்னை விடவில்லை. கேட்கிற வயதில் ஒரு பிள்ளை ஒரு கேள்வியைக் கேட்டது. பெரியவன், வாத்தி, அதிலும் கணிதம் படிப்பிக்கிறவன், ஒரு கணக்கும் பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன் என்ற எண்ணம். ஒவ்வொரு உலகக் கிண்ணத்துக்கும் அது திரும்பி வரும். 2018 இல் வந்தது, 2022 இல் வந்தது. இந்தமுறை கிண்ணம் தொடங்குவதற்கு ஏழு மாதம் முன்னமே வந்துவிட்டது.

மூன்றில் ஒரு பங்கு

2025 நவம்பர் 19, காலை. மாரி மழை. மைதானம் குளமாகக் கிடந்தது, இரண்டு கிழமையாகப் பயிற்சி இல்லை. பள்ளிக்கு வெளிக்கிட முன் போனைப் பார்த்தால், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் குராசோ என்ற கரீபியன் குட்டித் தீவு 0-0 என்று சமநிலையில் முடித்து உலகக் கிண்ணத்துக்குள் போயிருந்தது. கடைசி நேரத்தில் ஜமைக்காவுக்குக் கொடுத்த பெனால்டியை நடுவர் வீடியோவைப் பார்த்துத் திருப்பி எடுத்திருந்தார். ஜமைக்கா அடித்த பந்துகள் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தன. இவ்வளவையும் வாசித்துவிட்டு, குராசோவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தேடினேன். ஏறக்குறைய 1,56,000. உலகக் கிண்ணத்துக்குத் தெரிவான நாடுகளிலேயே இதைவிடச் சிறியது எப்போதும் இருந்ததில்லை. அதுவரை அந்தப் பெயர் மூன்றரை இலட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்துக்கு இருந்தது.

அன்றைக்குத்தான் நான் கணக்குப் பார்த்தேன். பதினொரு வருடம் பிந்தி. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேல் சனம். குராசோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. பரப்பளவு 444 சதுர கிலோமீட்டர், நம்முடைய மாவட்டத்தை ஆறாகப் பிரித்தால் ஒரு துண்டு. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஒக்டோபர் 13 ஆம் திகதி, ஆபிரிக்காவுக்கு மேற்கே கடலில் இருக்கும் கேப் வெர்டே எஸ்வாட்டினியை 3-0 என்று வென்று உள்ளே போயிருந்தது. பத்துத் தீவுகள், அதிலும் ஒன்றில் குடியில்லை, எல்லாம் சேர்த்து ஐந்து இலட்சத்துச் சொச்சம் சனம். அதாவது கிட்டத்தட்ட எங்கள் மாவட்டமளவு. இலங்கையில் இரண்டு கோடிக்கு மேல் இருக்கிறோம். நான் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன “சின்ன நாடு” இதுதான். 2014 இலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1930 இலும் 1950 இலும் கிண்ணம் எடுத்த உருகுவே, முப்பத்துநாலு இலட்சம் பேரை வைத்துக்கொண்டு அந்தமுறையும் பிரேசிலில் விளையாடியதுதானே.

இந்த இரண்டு நாடுகளைப் பற்றி வாசிக்க வாசிக்க வேறொன்றும் பிடிபட்டது. கேப் வெர்டே 1975 வரை போர்த்துக்கேயரிடம் இருந்தது. குராசோவை ஒல்லாந்தர் 1634 இல் பிடித்தார்கள். எங்கள் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1638 இல் பிடித்தார்கள். குராசோவுக்கும் மட்டக்களப்புக்கும் நான்கே வருட இடைவெளி. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேப் வெர்டேயில் ஊரே பேசுவதும் போர்த்துக்கேயத்தில் இருந்து பிறந்த கிரியோல்தான். நாம் காலில் போடுவதைச் சப்பாத்து என்கிறோம், அவர்கள் “சப்பாத்து” என்றே சொல்கிறார்கள். இதைப் பொடியன்களுக்குச் சொன்னபோது அவர்களுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை அந்த நாட்டின் பெயர்கூடக் கேள்விப்படாதவன் ஒருவன், “அப்ப அவங்க நம்மட சொந்தக்காரங்க சேர்” என்றான்.

சரி, எல்லாரும் இப்படி எடுத்துக்கொள்ளவில்லை. காத்தான்குடியில் எனக்கொரு சிநேகிதர் இருக்கிறார், நாற்பது வருடமாகப் பிரேசில் கட்சி. தேத்தண்ணிக் கடையில் அவர் சொன்னார்: “நாப்பத்தெட்டு அணி எண்டு ஆக்கினதாலதான் இவங்க உள்ள வந்தாங்க. முந்தி மாதிரி முப்பத்திரண்டு எண்டா வந்திருப்பாங்களா?” அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆபிரிக்காவுக்கு ஐந்தாக இருந்த நேரடி இடம் ஒன்பதாகியது. வடக்கு, மத்திய அமெரிக்கப் பக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றும் போட்டியை நடத்தும் நாடுகளாகப் போனதால் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. ஆனாலும் கேப் வெர்டே கமரூனை முந்திக்கொண்டுதான் குழுவில் முதலாவதாக வந்தது. அப்புறம், கதவு அகலித்தது நமக்கும்தானே? ஆசியாவின் நேரடி இடம் நாலிலிருந்து எட்டாகியது. அந்த வழியால் உஸ்பெகிஸ்தானும் ஜோர்தானும் முதல்முறையாகப் போகின்றன. நம்முடைய உலகக் கிண்ணம் 2023 ஒக்டோபர் 17 ஆம் திகதியே முடிந்துவிட்டது. முதல் சுற்று, யேமன். சொந்த ஊரில் ஆட வழியில்லாமல் சவூதியில் வைத்து ஆடிய யேமன் நம்மை 3-0 என்று வென்றது, கொழும்பில் 1-1. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நம் சம்மேளனத்தின் மீது ஃபிஃபா போட்டிருந்த இடைநிறுத்தமே நீங்கியிருந்தது.

நான் இதையெல்லாம் அவரிடம் சொல்லி வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டு, “அப்ப ஏன் மாஸ்டர் நம்மால ஏலாமப் போகுது? சனம் இரிக்கி. மறுகா என்ன இல்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பொங்கலுக்கு வந்தவன்

இந்த வருடம் பொங்கலுக்கு அடுத்த நாள் பின்னேரம், மைதானத்தில் தண்ணீர் வற்றி முதல்நாள் பயிற்சி. பூவரசு மரத்தடியில் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றான். உடம்பு வைத்திருந்ததால் உடனே மட்டுக்கட்ட முடியவில்லை. பந்து ஒன்று அவன் பக்கம் போனது. செருப்போடு இடக்காலால் திருப்பி விட்டான், அது நேரே ஆள் காலுக்கு வந்தது. அப்போது தெரிந்தது.

இரண்டு மாத லீவு என்றான். கலியாணம் முடித்து ஒரு மகள். கட்டாரில் முதல் ஆறு வருடம் கட்டடச் சாரம் கட்டுகிற வேலை, அதில் ஒரு வருடம் உலகக் கிண்ணத்துக்கான மைதானம் ஒன்றில். கூரைக்கு நேர் கீழே நின்று பார்த்தால் புல் விரிப்பு ஒரு பச்சைப் பாய் மாதிரித் தெரியுமாம். 2022 இறுதிப்போட்டியை வேலையாட்கள் தங்கும் பகுதியில் வைத்த பெரிய திரையில் பார்த்தானாம். மெஸ்ஸி கிண்ணத்தைத் தூக்கியபோது எங்கள் கொட்டகையைத்தான் நினைத்ததாகச் சொன்னான். அதைக் கேட்டதும் எனக்கு அடக்க முடியவில்லை. பதினொரு வருடமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது பிழை என்று, குராசோ, கேப் வெர்டே எல்லாம் சொல்லி, என்னால்தான் நீ விட்டுவிட்டாயோ என்று பயந்துகொண்டே இருந்தேன் என்று.

அவன் என்னை விளங்காமல் பார்த்தான். “எப்ப சேர் சொன்னீங்க? எனக்கு ஞாபகமில்ல.”

கடற்கரை வீதி, இறுதிப்போட்டி இரவு என்று நினைவுபடுத்தினேன். போட்டி ஞாபகம் இருந்தது. நடந்து வந்ததும் ஞாபகம் இருந்தது. என் பதில் மட்டும் இல்லை. “அதுக்காக ஆரும் போவாங்களா சேர்,” என்றான். கொஞ்ச நேரம் பொடியன்கள் ஆடுவதைப் பார்த்தான். பிறகு, “கடிதம் ஒண்டு வந்திச்சி. உங்களிட்ட நான் சொல்லல்ல,” என்றான்.

2015 பெப்ரவரியில் கொழும்பில் பயிற்சி முகாம் ஒன்றுக்குத் தெரிவாகி வரச் சொல்லிக் கடிதம். பத்து நாள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு, போக்குவரத்து நம் பொறுப்பு. இங்கிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனால் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியப் போய்விடலாம், அது பெரிய காசில்லை. சிக்கல் வேறு. அந்த மாரியில் அப்பாவின் போட் எஞ்சின் பழுதாகிவிட்டது. அம்மா எடுத்த குழுக்கடனுக்கு ஒவ்வொரு செவ்வாயும் காசு கட்ட வேண்டும். கடனுக்கு ஆள் வருகிற நேரம் அம்மா பக்கத்து வீட்டில் போய் இருந்துவிடுவாராம். கடிதம் வந்த கிழமைதான் ஏஜென்சிக்காரர் மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொன்ன கிழமையும்.

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே மனே. நான் காசு தந்திருப்பனே.”

“தெரியும் சேர். தருவீங்க எண்டு தெரிஞ்சுதான் சொல்லல்ல. நீங்க தந்தா நான் போவன். போனா அடுத்த செவ்வாய்க்கு வீட்டுல காசில்ல.”

கோபமாகவோ கவலையாகவோ அவன் சொல்லவில்லை. ஒரு கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னான். பத்தொன்பது வயதில் அவன் பார்த்த கணக்கு நான் பார்த்ததைவிடச் சரியாக இருந்தது. கடிதம் இப்போது எங்கே என்று கேட்டேன். அம்மாவின் அலுமாரியில் கனகாலம் கிடந்தது, வீடு திருத்தும்போது எங்கே போனதோ தெரியாது என்றான். போகும்போது மகளின் படத்தைக் காட்டினான். அவளும் இடக்கால்தானாம்.

ஒன்பது மாதம்

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. என் வார்த்தை அவனைக் கெடுக்கவில்லை என்று தெரிந்ததும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இத்தனை வருடமாக நான் பிழையான இடத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த பெப்ரவரியில் அவன் இரண்டு கிழமை பயிற்சிக்கு வரவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவன் இல்லாமல் ஒரு போட்டியில் தோற்றோம். அவன் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். நான் போகவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். கொழும்பிலும் யாரோ ஒருவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு முதல்நாள் கூப்பிட்டிருப்பார். இவன் பெயருக்குப் பதில் வந்திருக்காது. வரவில்லை என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளி இடாப்பில் நானும் இருபத்தைந்து வருடமாக அதே கோட்டைத்தான் போட்டு வருகிறேன்.

கேப் வெர்டே அணியில் பிக்கோ லோபெஸ் என்று ஒரு பின்கள ஆட்டக்காரர் இருக்கிறார். அயர்லாந்தின் டப்ளினில் பிறந்து வளர்ந்தவர், தகப்பன் கேப் வெர்டேக்காரர். டப்ளினில் ஷாம்ரொக் ரோவர்ஸ் கழகத்துக்கு ஆடுகிறார். கேப் வெர்டேயின் அப்போதைய பயிற்றுவிப்பாளர் ருயி அகுவாஸ் 2018 இல் இவருக்கு, வேலை தேடுகிறவர்கள் வைத்திருப்பார்களே அந்த லிங்க்ட்இன் பக்கத்தில், போர்த்துக்கேய மொழியில் ஒரு செய்தி அனுப்பினார். லோபெஸுக்கு அந்த மொழி தெரியாது. எல்லாருக்கும் வருகிற வெற்று விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார். ஒன்பது மாதம் கழித்து அகுவாஸ் மறுபடி எழுதினார், இந்தமுறை ஆங்கிலத்தில்: யோசித்துப் பார்த்தீர்களா? அப்போதுதான் லோபெஸ் பழைய செய்தியை எடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தார். 2019 இல் அவர் அந்த நாட்டுக்கு ஆடினார்.

இந்தக் கதையை எல்லாரும் லிங்க்ட்இன் அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒன்பது மாதம்தான் பெரிதாகப் படுகிறது. பதில் வராத ஒருவனை ஒன்பது மாதம் ஒரு மனிதர் மறக்கவில்லை. ஏன் வரவில்லை என்று கோபிக்காமல், அவனுக்கு விளங்கும் மொழியில் மறுபடி கேட்டார். ஐந்து இலட்சம் பேர் உள்ள நாட்டுக்கு ஒரு ஆளைக்கூட விட்டுவிட வசதி இல்லை. குராசோ அணியிலும் அநேகம்பேர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒவ்வொருவரையும் யாரோ தேடிப்போய்க் கேட்டிருக்கிறார்கள். நம்முடைய தேசிய அணியும் இப்போது வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளைச் சேர்க்கிறது, ஜேர்மனியில் ஆடும் கிளாடியோ கமர்க்னெக்ட் மாதிரி. நல்லது, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் லண்டனிலும் சூரிச்சிலும் இருப்பவனைத் தேடுகிற அதே பொறுமை நாவலடியில் இருப்பவனுக்கும் வேண்டும். அவனுக்கு விளங்கும் மொழி தமிழ் மட்டும் இல்லை. அடுத்த செவ்வாய்க்கு என்ன செய்வாய் என்று கேட்பதும் அவன் மொழிதான்.

காத்தான்குடி நண்பரிடம் போய் இதைச் சொன்னேன். சனம் இருக்கிறது, இரண்டாம் முறை கேட்கிற ஆள்தான் இல்லை என்று. அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவருடைய தம்பியின் கதையைச் சொன்னார். அது அவருடையது, இங்கே எழுதுவதற்கில்லை.

2026 ஜூன் 11 ஆம் திகதி மெக்சிகோ நகரில் மெக்சிகோவும் தென்னாபிரிக்காவும் தொடங்குகின்றன. நமக்கு அது 12 ஆம் திகதி நள்ளிரவு தாண்டி அரை மணி. 16 நகரங்களில் 104 போட்டிகள், பெரும்பாலானவை நாம் தூங்கும் நேரத்தில் அல்லது விடிகிற நேரத்தில். ஆனால் எங்களுக்கு வேண்டிய இரண்டும் வசதியான நேரத்தில் விழுந்திருக்கின்றன. 14 ஆம் திகதி ஹூஸ்டனில் குராசோ ஜேர்மனியைச் சந்திக்கிறது, இங்கே இரவு பத்தரை. அடுத்த நாள் அட்லாண்டாவில் கேப் வெர்டே ஸ்பெயினைச் சந்திக்கிறது, இங்கே ஒன்பதரை. கொட்டகையில் புரொஜெக்டர் வைக்கப் போகிறோம். கொடி தைக்கக் கொடுத்தாயிற்று. இரண்டும் நீலக் கொடி. ஒன்றில் பத்து மஞ்சள் நட்சத்திரம் வட்டமாக, மற்றதில் மஞ்சள் கோடும் இரண்டு வெள்ளை நட்சத்திரமும். தையற்காரர் படத்தை இரண்டுமுறை வாங்கிப் பார்த்தார். ஆர்ஜென்டீனாக் கொடியும் இருக்கும், அதை விட முடியாது. இடக்காலன் மார்ச்சில் திரும்பிப் போய்விடுவான். இரண்டு போட்டியையும் அங்கிருந்து பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்போது நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பதினாறு வயதைத் தாண்டியவர்களின் பெயர், வீடு எங்கே, வீட்டில் யார் உழைக்கிறார்கள், என்ன கடன், எந்தக் கிழமை கட்டுகிறார்கள். இரண்டு நாள் வராதவன் வீட்டுக்கு மூன்றாம் நாள் போகிறேன். பயிற்சி முடிந்து எல்லாரும் மணலில் வட்டமாக இருக்கும்போது ஒன்றைக் கேட்கிறேன்: “ஆருக்காவது கடிதம் கிடிதம் வந்ததா?” பெரும்பாலும் சிரிப்பார்கள், இல்லை சேர் என்பார்கள்.

போன வியாழக்கிழமையும் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே அவிழ்ந்து கிடந்த கயிறு. நான் விசிலைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, மற்றவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை அவனுக்குப் பக்கத்தில் மணலில் இருந்தேன்.